மூன்று மாதம் கழித்து அவர் எப்படி இருந்தார்?

நண்பர்களே, வணக்கம்.

மனச்சிக்கலைக் குழுவில் நடித்துப் பார்க்கும் சிகிச்சையான உளநாடகத்தை நடத்தும் நம் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். அப்பாவோடு பல வருடம் பேசாத ஒருவர், காலி நாற்காலியைப் பார்த்துத் திட்ட ஆரம்பிப்பார். பாத்திரம் மாற்றி அதே நாற்காலியில் அப்பாவாக உட்கார்ந்ததும் அவர் குரலே மாறிவிடும். இதைச் சொன்னால் நாம் எல்லோரும் தலையாட்டுவோம். வெளியாள் ஒருவர், "சரி, மூன்று மாதம் கழித்து அவர் எப்படி இருந்தார்?" என்று கேட்டால்? என்னிடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

உளநாடகத்தை உருவாக்கிய மொரினோ இப்படிப்பட்ட கேள்விக்கு ஒதுங்கியவர் அல்லர். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஊரில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியில், யார் யாரோடு தங்க விரும்புகிறார்கள் என்று மாணவிகளிடமே கேட்டு, விடைகளைப் படமாக வரைந்தார். 1934இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அந்த வேலையில் ஹெலன் ஜென்னிங்ஸ் அவருக்குத் தோள்கொடுத்தார். நாமோ அவருடைய மேடையை எடுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டோம்.

2003இல் கிப்பர், ரிட்சி என்ற ஆய்வாளர்கள் இருவரும் உளநாடக உத்திகள் பற்றிய 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாத்திர மாற்றமும், ஒருவர் சொல்லாமல் விட்டதை இன்னொருவர் அவராகவே நின்று சொல்லும் டபுள் உத்தியும் நல்ல பலன் தருவதாகத் தெரிந்தது. சந்தோஷம்தான். ஆனால் 25 என்பது கைக்கடக்கமான எண்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு என் குழுவே சாட்சி. பத்துப் பேர் வருவார்கள், இருவர் பாதியில் நின்றுவிடுவார்கள். எட்டுப் பேரை வைத்து எதை நிரூபிப்பது? மாற்றம் வந்தாலும் அது உத்தியால் வந்ததா, என் சுபாவத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. குழு நடத்தும் நம்மைப் போன்ற ஆறு இயக்குநர்கள் சேர்ந்தால் கதை வேறு. எல்லோரும் ஒரே வினாத்தாளைக் குழு தொடங்கும் முன்பு, முடிந்ததும், மூன்று மாதம் கழித்து என மூன்று முறை கொடுப்போம். ஒவ்வொரு அமர்விலும் எந்த உத்தியைக் கையாண்டோம் என்று ஒரு வரி எழுதிவைப்போம். நின்றுபோனவர்களையும் கணக்கில் வைப்போம், அதை மறைக்கத்தான் முதலில் கை போகும்.

வினாத்தாளை மட்டும் அவரவர் குழுவுக்கு அவரவரே கொடுக்கக் கூடாது. நம் மனம் நோகக் கூடாதென்று நல்லதாக எழுதிவிடுவார்கள். என் குழுவுக்கு நீங்கள் வாருங்கள், உங்கள் குழுவுக்கு நான் வருகிறேன்.

ரகசியம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நியாயமான பயம். பெயரை நீக்கினாலும், கூட இருந்தவர்களுக்குக் கதையைக் கேட்டதும் ஆள் தெரிந்துவிடும். அதனால் மதிப்பெண்கள் மட்டும் போகட்டும், கதைகள் அறைக்குள்ளேயே இருக்கட்டும். எழுத்தில் சம்மதம் வாங்குவோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம், அமர்வின் முடிவில் வரும் பகிர்வு நேரத்தில் யாரும் அறிவுரை சொல்வதில்லை, அலசுவதில்லை, தன் அனுபவத்தை மட்டும் சொல்கிறோம் அல்லவா? நம் முதல் கூட்டத்துக்கும் அதுவே விதி. ஆளுக்கு ஒரு சொதப்பிய அமர்வோடு வாருங்கள்.

கதவருகே ஒரு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் அடுத்த குழு எந்த மாதம் தொடங்குகிறது, எத்தனை பேர் என்று எழுதிவிட்டுப் போங்கள். என்னுடையதை முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.