கம்பியே இல்லாம நிக்கிற எலும்புக்கூடு! கத்தி வைக்காம உள்ள பார்த்தது எப்படி?

வணக்கம் மக்களே!

[திரையில்: கண்ணாடிப் பெட்டிக்குள் எலும்புக்கூடு]

அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா, மூட்டர் மியூசியம். சாதாரணமா எலும்புக்கூடுன்னா ஒவ்வொரு எலும்பையும் கம்பியில கோத்துத்தான் நிறுத்தணும். இதுக்கு அந்த வேலையே கிட்டத்தட்ட இல்ல. முதுகு, தோள், இடுப்புன்னு எல்லா இடத்துலயும் கூடுதலா எலும்பு வளர்ந்து, தகடு தகடா ஒட்டிக்கிட்டு தானா நிக்குது.

இவர் பேரு ஹாரி ஈஸ்ட்லாக். 1933-ல பிறந்தவர், 1973-ல இறந்தார். நாப்பது வயசு நிறைய ஆறே நாள் பாக்கி. கடைசிக் காலத்துல அவரால அசைக்க முடிஞ்சது உதட்டை மட்டும்தான். இறந்த பிறகு தன்னோட உடம்பை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொன்னதும் அவரேதான்.

இப்படி எலும்பு வளர வெச்ச நோயோட பேரு நீளம், சுருக்கமா எஃப்.ஓ.பி.ன்னு வெச்சுக்குவோம். பத்து இருபது லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வரும். காரணம் ஏ.சி.வி.ஆர்.1-ங்கிற மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறினது. 2006-ல அதைக் கண்டுபிடிச்சதும் அதே ஃபிலடெல்ஃபியாவுலதான், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல கேப்லன், ஷோர் குழு. அவ்வளவுதான் பின்னணி, போரடிக்கல இல்ல?

இப்ப கொடுமையைக் கேளுங்க. நமக்குக் கால் உடைஞ்சா முதல்ல வீக்கம், அப்புறம் குருத்தெலும்பு, அது மெதுவா எலும்பா மாறும். எஃப்.ஓ.பி.யில அதே வேலை சதைக்குள்ள நடக்குது. எலும்பு நல்ல எலும்புதான், இடம்தான் தப்பு. அடிபட்டா வளரும். சதையில ஊசி போட்டா வளரும். 'என்ன கட்டின்னு பார்ப்போம்'னு வெட்டி பயாப்ஸி எடுத்தா, எடுத்த இடத்துலயே வளரும்! டாக்டர் கையில இருக்கிற கத்திதான் இங்க வில்லன்.

ஒரு நிமிஷம், இதை மட்டும் தயவுசெஞ்சு நாலு பேருக்குச் சொல்லுங்க. பிறந்த குழந்தைக்கு ரெண்டு கால் கட்டைவிரலும் குட்டையா, உள்பக்கமா வளைஞ்சிருந்தா, இந்த நோயா இருக்குமோன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. உடம்புல எங்கயாவது கட்டி வந்து அதை வெட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க.

சரி, வெட்டாம எப்படிப் பார்க்கிறது? கதிரியக்க ஃபுளோரைடை ரத்தக்குழாய்ல ஏத்திட்டு, அது உடம்புல எங்க போய்ச் சேருதுன்னு படம் பிடிக்கிற பெட் (PET) ஸ்கேன் எடுக்கிறாங்க. ஃபுளோரைடுக்கு எலும்புன்னா உயிர். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணி குடிச்சவங்க பல்லுல கறையும், மூட்டுல வலியுமா இதை அனுபவிச்சே தெரிஞ்சு வெச்சிருக்காங்க. அங்க தொல்லை கொடுத்த அதே குணம் இங்க உதவுது. சதைக்குள்ள புது எலும்பு உருவாகிற இடத்துல அது போய் உட்காரும், அந்த இடம் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியும். சி.டி. ஸ்கேன்ல எலும்பு தெரியறதுக்கு முன்னாடியே கூடத் தெரியலாம். 110 நிமிஷத்துல கதிரியக்கம் பாதியாயிடும், அதனால தயாரிச்ச அன்னிக்கே போட்டாகணும்.

ஆனா பெட் ஸ்கேன் போட்டோதான். எனக்கு வீடியோ வேணும்! உயிரோட இருக்கிற எலும்புக்குள்ள செல் ஓடுறதைப் பார்க்கணும்.

[திரையில்: கறுப்புப் பின்னணியில் பச்சை, சிவப்பு செல்கள் நகர்கின்றன]

2009-ல ஜப்பான்காரர் மசாரு இஷியும் கூட்டாளிகளும் அதைச் செஞ்சு காட்டினாங்க. எலியோட மண்டையோடு மெல்லிசு. எலியை மயக்கத்துல வெச்சு, மண்டையோட்டு வழியா அகச்சிவப்பு லேசரை விட்டா, ஒளிரும் செல்கள் எலும்பு மஜ்ஜையில ஊர்ந்து போறது அப்படியே தெரியும்.

பழைய எலும்பைக் கரைக்கிற செல்லுக்குப் பேரு ஆஸ்டியோகிளாஸ்ட். பல செல் ஒண்ணாச் சேர்ந்து உருவாகிற ராட்சசன் அது. வேலை முடிஞ்சதும் செத்துடும்னுதான் எல்லாரும் நினைச்சிருந்தாங்க. செத்த திசுவை வெட்டி, சாயம் ஏத்திப் பார்த்தா வேற எப்படித் தோணும்? 2021-ல சிட்னி கார்வன் நிறுவனத்துக்காரங்க உயிருள்ள எலியில பார்த்தா, அந்த ராட்சசன் சாகல. துண்டு துண்டாப் பிரிஞ்சது. ஒவ்வொரு துண்டும் தனி செல்லா நகர்ந்து, இன்னொரு இடத்துல மறுபடி ஒண்ணா ஒட்டிக்கிச்சு! கல்யாண சமையல் கோஷ்டி ஒரு மண்டபத்துல பந்தி முடிச்சுட்டு, ஆளுக்கொரு பஸ் ஏறி, அடுத்த முகூர்த்தத்துக்கு வேற மண்டபத்துல கூடுமே, அசல் அதேதான். அந்தத் துண்டுகளுக்கு ஆஸ்டியோமார்ஃப்னு பேரு வெச்சாங்க. கரண்டியும் கையுமா ஒரு செல்லை நான் கற்பனை பண்ணிட்டேன், இனி நீங்களும் அப்படித்தான் பார்ப்பீங்க.

எஃப்.ஓ.பி.க்கு மருந்து? 2023-ல அமெரிக்காவுல பாலோவரோட்டீன் அனுமதி வாங்கிச்சு. புது எலும்பு வளர்றதைக் குறைக்கும், ஆனா குழந்தைங்களோட வளர்ச்சியை நிறுத்திடலாம். அதனால சின்னப் பிள்ளைங்களுக்குக் கிடையாது. என்னைக் கேட்டா, இது பாதி வெற்றிதான்.

அந்தச் சமையல் கோஷ்டி நம்ம வீட்டுக்கும் சம்பந்தப்பட்டது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெனோசுமாப் ஊசி போடுவாங்க. அதைச் சட்டுன்னு நிறுத்தினா எலும்பு வேகமாக் கரைஞ்சு, சிலருக்கு முதுகெலும்பே நொறுங்குது. ஏன்? ஊசி இருக்கிறவரைக்கும் அந்தத் துண்டு செல்கள் வேலையில்லாமச் சேர்ந்துகிட்டே இருந்து, ஊசி நின்னதும் மொத்தமா வேலைக்கு இறங்குதுன்னு சிட்னி குழு சொல்லுது. உங்க அம்மாவோ பாட்டியோ அந்த ஊசி போடறாங்கன்னா அடுத்த தேதியை இன்னிக்கே காலண்டர்ல குறிச்சு வெச்சிடுங்க. நிறுத்தறதா இருந்தா, வேற மருந்துக்கு மாத்தணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க.