நீலம் தெரியவில்லை என்றால் போதுமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மயக்க மருத்துவர். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பது என் வேலை. இரைப்பையைச் சுருக்கியபின், மூடிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, மீதியை ஒடுங்கிய குழாயாக ஆக்குகிறார்கள். வெட்டுவதும் மூடுவதும் ஸ்டேப்ளர் என்ற ஒரே கருவிதான். நுண்ணிய உலோக ஊசிகளை இருபுறமும் வரிசையாகப் பதித்து, நடுவில் அறுத்துக்கொண்டே போகும். பைபாஸ் முறையில் சிறிய இரைப்பைப் பையோடு சிறுகுடலை இணைக்கிறார்கள். எங்கே இம்மியளவு இடைவெளி விழுந்தாலும் இரைப்பை நீரும் கிருமிகளும் வயிற்றறைக்குள் இறங்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இரைப்பைக்குள் வாய்வழியாக ஒரு குழாய் போட்டிருப்போம். அறுவை நிபுணர் கீழ்ப்பக்கத்தைக் கவ்வியால் அடைத்துக்கொண்டு, "விடுங்கள்" என்பார். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் கலந்த நீரை நான் மெதுவாகச் செலுத்துவேன். இரைப்பை புடைத்து வரும். சிறு துளை வழியாக வயிற்றறைக்குள் விட்டிருக்கும் கேமரா அந்த ஊசி வரிசை நெடுக நகர்ந்து, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் நின்று நிதானிக்கும். ஸ்லீவ் முறையில் கசிவு அதிகம் வருவது அங்கேதான். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பார்கள். நீலப் பொட்டு விழுந்தால் அந்த இடத்தில் தையல் போட்டு, மறுபடியும் சோதிப்போம்.

வேறொரு முறையும் உண்டு. இரைப்பையைச் சுற்றி உப்புநீரை நிரப்பி, வாய்வழியாக இறக்கும் கேமரா குழாயான எண்டோஸ்கோப் வழியாக உள்ளே காற்றை விடுவார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போல, குமிழி வருகிறதா என்று பார்ப்பதுதான். எனக்கு இதுவே பிடிக்கும். உள்ளே ரத்தம் கசிகிறதா, பாதை குறுகிவிட்டதா என்பதும் கூடவே தெரிந்துவிடும். சாயம் ஒருமுறை கொட்டிவிட்டால் சுற்றுப்புறமெல்லாம் நீலமாகி, மறுசோதனை கடினமாகிவிடும். தவிர, மெத்திலீன் புளூ சில மனச்சோர்வு மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. சாப்பிடும் மாத்திரைகள் ஒன்றையும் எங்களிடம் மறைக்க வேண்டாம்.

சோதனையில் கசிவு தெரியவில்லை என்றால், அந்த நேரத்தில் ஓட்டை இல்லை என்று மட்டுமே பொருள். பல கசிவுகள் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டுகின்றன. ரத்த ஓட்டம் குன்றிய திசு மெல்ல நைந்து, பிறகு விட்டுக்கொடுக்கிறது. அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் வீட்டில் இருப்பார். "ஆபரேஷன் தியேட்டரிலேயே பார்த்துவிட்டோமே" என்று அவருடைய வலியை யாரும் தள்ளிவிடக் கூடாது. மருத்துவர்களாகிய எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாடித்துடிப்புதான். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி, குறையாமல் அடித்தால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள். மூச்சு வாங்குவது, இடது தோள்பட்டையில் வலி, இனம் புரியாத பதற்றம் ஆகியவையும் அறிகுறிகளே. பருத்த உடலில் வயிறு இறுகுவது தொட்டுப் பார்த்தால் தெரியாமலே போகலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடியின் வேகத்தையும் மறைத்துவிடும். ஆகவே எண்ணிக்கை சரியாக இருந்தாலும், நோயாளி "ஏதோ சரியில்லை" என்றால் நம்புங்கள். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் வலுத்தால், மீண்டும் லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை வயிற்றறைக்குள் விட்டு, நேரில் பார்ப்பதும் உண்டு.

வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், என்ன அறுவை, எந்தத் தேதியில் என்ற குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். மூக்குவழியாக இரைப்பைக்குள் குழாய் செலுத்தும் முன், அறுவை செய்த குழுவோடு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். ஆறாத தையலை அந்தக் குழாயின் முனை கிழித்துவிடக்கூடும்.