கச்சான் சரை வாசகி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

நல்ல வாசகரை உருவாக்குவது தேர்ந்தெடுத்த வாசிப்பா, கிடைத்ததை எல்லாம் வாசிப்பதா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் நூறு நூல்களின் பட்டியலை உயர்த்திக் காட்டி, "பிள்ளைக்கு இதைக் கொடுங்கள், மற்றதெல்லாம் குப்பை" என்றார். ஐயா, அந்தக் குப்பையில் வளர்ந்தவள்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

1996இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்குப் போனோம். எனக்குப் பதினொரு வயது. போரும் பொருளாதாரத் தடையுமான காலம். பற்றரி வராது, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு எரிப்போம். அந்த விளக்கில் வாசிக்கப் புத்தகம் எங்கே இருந்தது? சங்கக்கடைக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சி கச்சான், அதுதான் வேர்க்கடலை, விற்பா. அதைப் போட்டுக் கொடுக்கும் சரை சுற்றப் பழைய சஞ்சிகைத் தாள்தான். ஒருநாள் என் சரையில் துப்பறியும் கதை. கதவு திறக்கிறது, உள்ளே... தாள் முடிந்துவிட்டது. அடுத்த நாள் ஓடிப்போய் மற்றப் பக்கத்தைக் கேட்டால், "பிள்ளை, கச்சான் வேணுமெண்டால் வாங்கு, தாளைக் கிண்டாதை" என்றா. அன்று கிடைத்தது நீரிழிவு பற்றிய கட்டுரை. அதையும் விடவில்லை. சதையி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பள்ளிக்கூடத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது கச்சான் சரை. கதவுக்குப் பின்னால் யார் என்பது இன்றுவரை தெரியாது!

கவிதை எப்படி வந்தது தெரியுமா? செத்த வீட்டால். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் இருக்கிறதே, அதில் இறந்தவரின் திதியை வெண்பாவில் கட்டியிருப்பார்கள். அம்மம்மா அவற்றைச் சீலைப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தா. ஒரு மழை நாள் முழுக்க அவற்றைச் சத்தம் போட்டு வாசித்தேன். "வீட்டில ஒண்டும் நடக்கேல்லை, ஏன் ஒப்பாரி வைக்கிறாய்?" என்று ஏச்சு வேறு. ஆனால் கடைசி அடி மூன்றே சீரில் சட்டென்று நிற்கும் அழகு அன்றைக்கே காதில் ஏறிவிட்டது. இலக்கணப் புத்தகம் பிறகுதான் வந்து பெயர் சொன்னது.

முதற் பதினாறு பக்கமும் அட்டையும் இல்லாத ஒரு நாவலையும் நாலு தரம் வாசித்தேன். எழுதியவர் பெரியவரா சின்னவரா தெரியாது. ஆகவே பயபக்தியும் இல்லை, இளக்காரமும் இல்லை. பிடித்த இடத்தில் சிரித்தேன், அலுத்த இடத்தில் தாண்டினேன். எதிரணியின் பட்டியலை வாங்கும் பிள்ளைக்கு இந்தச் சுதந்திரம் உண்டா? அது பட்டியல் போட்டவரின் ரசனையை அல்லவா மனனம் செய்யும்?

பஞ்சத்தை நான் புகழவில்லை. அந்தத் தடை என் எதிரிக்கும் வேண்டாம். இரண்டு வருடம் துப்பறியும் கதையைத் தவிர வேறெதையும் தொடாமல் கிடந்ததும் உண்மை. ஆனால் அதே கதைகள் அலுத்துத்தான் அப்பாவின் நெற்பயிர்ப் பூச்சிக் கையேட்டை எடுத்தேன். அலுக்கும்வரை விட்டால்தான் பிள்ளை அடுத்த இறாக்கைக்குப் போகும்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம் இன்று மின்வடிவில் எதையெல்லாம் சேர்க்கிறது? இலக்கியம் மட்டுமா? பாடசாலை மலர், கோயில் மலர், எதிரணி குப்பை என்ற அந்தக் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. எரிந்ததைக் கண்ட சனம், எது குப்பை என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒன்றே ஒன்று. இங்கே வரும் வழியில் மகளுக்குக் கச்சான் வாங்கினேன். பொலித்தீன் பையில் கொடுத்தார்கள். பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வாசிக்க ஒன்றுமில்லை.