கத்தியிலிருந்து மாத்திரைக்கு

நேயர்களுக்கு வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயதானவர்களிடம் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்செடுத்தால் சாமர்வெல் டாக்டர் பெயர் வராமல் போகாது. அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பிடித்த கதை.

ஹோவர்ட் சாமர்வெல் லண்டன் சர்ஜன். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். மலையிலிருந்து இறங்கி, ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டே தெற்கே நெய்யூர் வரை வந்துவிட்டார். இங்கே ஆஸ்பத்திரி வாசலில் கூட்டமான கூட்டம். ஆபரேஷன் செய்ய இருந்தவரோ ஒரே ஒரு டாக்டர், அவரும் களைத்துப் போயிருந்தார். அதைப் பார்த்தவர் லண்டனில் காத்திருந்த பதவியை வேண்டாம் என்று உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போனார். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே கிட்டத்தட்ட 28,000 அடி ஏறினார். அப்புறமும் திரும்பி வந்தது நெய்யூருக்குத்தான்!

அந்தக் காலத்துத் தென் திருவிதாங்கூரில் குடல்புண் மிக அதிகம். சாப்பிட்டால் வலி அடங்கும். வயிறு காலியானதும், நடுராத்திரியில், நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். ஆள் குனிந்து வயிற்றை அமுக்கிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பதுதான் அன்று இருந்த வழி. சாமர்வெல் அந்த ஆபரேஷனில் பெரிய கைகாரர். செலவுக்கோ, கடல் கடந்து வந்த காணிக்கைப் பணம் பெரிய துணை. முகம் தெரியாத யாரோ கொடுத்த காசு, நம்மூர் ஏழை உயிரைக் காப்பாற்றியது.

ஆனால் புண் ஏன் வருகிறது? மிளகாய் என்றார்கள், கவலை என்றார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியே முக்கியக் காரணம் என்றார்கள். அமிலத்தில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. இரைப்பையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தபோது அழற்சி! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியால் வந்த புண்ணுக்கு ஒன்றிரண்டு வார மாத்திரையே போதும்.

இந்தக் கதையில் நான் பார்ப்பது இதுதான். தருமம் அன்றைக்கு வலியோடு வந்தவரைக் காப்பாற்றியது. ஆராய்ச்சி, பின்னால் வந்த பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டாம் என்று ஆக்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கட்டடத்துக்கும் மனமுவந்து கொடுக்கிற நாம் ஆராய்ச்சிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நேரம் முடிகிறது. காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வுதான், சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டாலும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது. காசநோய் மாத்திரை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் போய்ச் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கினால், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.