அறுபதுக்கு மேல் ஒரு தீவு

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு சின்னப் பியானோ இசையிலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் என் அண்ணன் மகள் வீட்டில் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். இடது கை மெதுவாக, ஒரே சீராக, யாரோ காலடி வைத்து நடப்பதுபோலப் போய்க்கொண்டே இருந்தது. அதன்மேல் ஒரு எளிய மெட்டு. சமையலறையில் இருந்த நான் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டேன். “இது என்ன, கண்ணு?” என்றேன். “ஃபேர்வெல் டு ஸ்ட்ரோம்னஸ்” என்றாள்.

ஸ்ட்ரோம்னஸ் என்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் உள்ள ஒரு துறைமுக ஊர். 1970-களில் அந்த ஊரை ஒட்டிய நிலத்தில் யுரேனியம் தோண்டும் திட்டம் ஒன்று எழுந்தது. ஊர் கொதித்துப்போனது. 1980-இல் அந்த எதிர்ப்புக்காகவே ஒரு மேடை நிகழ்ச்சி தயாரானது. அதன் நடுவில் வாசிக்க எழுதப்பட்டதுதான் இந்த இசை. அந்த இடது கை நடை, வீட்டை விட்டுக் கிளம்ப நேரும் ஊர்மக்களின் நடை. நல்லவேளை, சுரங்கம் வரவில்லை. யாரும் கிளம்ப வேண்டியிருக்கவில்லை. இசை மட்டும் தங்கிவிட்டது.

எழுதியவர் அந்த ஊர்க்காரர் இல்லை. பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ். 1934-இல் இங்கிலாந்தின் தொழில் நகரமான சால்ஃபோர்டில் பிறந்தவர். இசையமைப்பாளர் என்றால் நமக்குச் சினிமாதான் முதலில் நினைவுக்கு வரும். இவர் பெரும்பாலும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும், பாடியே நடிக்கும் ஓபெராவுக்கும் எழுதியவர். இளமையில் லண்டன் கேட்பவர்களை அதிரவைத்த நவீனக்காரர்.

1970-இல், முப்பத்தைந்து வயதில், அவர் ஆர்க்னியின் ஹோய் தீவுக்குப் போகிறார். முந்தின இரவு ஆர்க்னியைப் பற்றி அந்த ஊர்க் கவிஞர் ஜார்ஜ் மெக்கே பிரவுன் எழுதிய புத்தகத்தைப் படிக்கிறார். மறுநாள் ராக்விக் என்ற பள்ளத்தாக்கில் அதே பிரவுனையே தற்செயலாகச் சந்திக்கிறார். நாவலில் எழுதினால் நம்பமாட்டோம். ஆனால் நடந்தது. ராக்விக்கில் அப்போது ஆட்கள் ஏறக்குறைய இல்லை. கூரை போன வீடுகளே அதிகம். மலைமுகட்டில் அப்படி ஒரு பாழ்வீட்டைச் சீர்செய்து சில வருடங்களில் குடியேறினார். தொடக்கத்தில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. குளிர்கால நடுவில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். கீழே அட்லாண்டிக் கடல் எப்போதும் இரைந்துகொண்டிருக்கும்.

அமைதி தேடிப் போனார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. தீவு அவரைத் தனியாக இருக்க விடவில்லை. 1977-இல் பிரவுனும் ஊர் நண்பர்களும் சேர, ஆர்க்னியின் பெரிய ஊரான கிர்க்வாலில் புனித மேக்னஸ் இசைவிழாவை அவர் தொடங்கினார். 1137-இல் கட்டத் தொடங்கிய செந்நிறக் கல் தேவாலயம் அந்த ஊரில் இருக்கிறது. அதற்குள், ஆர்க்னியின் புனிதரான அந்த மேக்னஸின் கதையையே ஓபெராவாக்கி நிகழ்த்தினார். அடுத்த வருடம் உள்ளூர்ப் பிள்ளைகள் பாடி நடிக்க ‘தி டூ ஃபிட்லர்ஸ்’. முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். பிள்ளைகளுக்கு எழுதுவதை ஒரு நாளும் சின்ன வேலையாக நினைத்ததில்லை. அதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

பிறகு அந்தக் கல்யாணம். ஹோயில் பக்கத்து வீட்டார் கல்யாணத்துக்குப் போனார். அதை 1985-இல் பாஸ்டன் பாப்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசையாக்கினார். கேட்டுப்பாருங்கள். மழையிலும் காற்றிலும் விருந்தாளிகள் வந்து சேர்கிறார்கள். வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கிறார்கள். விஸ்கி ஓடுகிறது, ஆட்டம் சூடுபிடிக்கிறது, கடைசியில் வாசிப்பவர்களுக்கே தாளம் தடுமாறுகிறது. அப்புறம் எல்லோரும் குளிரில் வீட்டுக்கு நடக்கிறார்கள். அந்த இடத்தில் அரங்கின் பின்வாசலிலிருந்து ஒருவர் பேக்பைப் ஊதிக்கொண்டே உள்ளே வருகிறார். அதுதான் சூரிய உதயம். வீடியோவில் கேட்டபோதே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு கல்யாண வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டார்கள், யார் கடைசிவரை இருந்தார்கள் என்பது அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். அது தெரிந்தவரின் இசை அது.

இனித்தான் என் கேள்வி. ஹோயில் கால் நூற்றாண்டு. புகழ், சர் பட்டம், உலகமெங்கும் நிகழ்ச்சிகள். அறுபதைத் தாண்டிய ஒருவர் இந்தக் கட்டத்தில் என்ன செய்வார்? மருத்துவமனை பக்கம், ரயில் நிலையம் பக்கம், பிள்ளைகள் பக்கம் என்று நகருக்குத் திரும்புவார். நம் வீடுகளில் அறுபதுக்கு மேல் இடம் மாறுவது என்றாலே அப்படித்தான். இவர் 1990-களின் கடைசியில் கிளம்பினார். ஆனால் இன்னும் வடக்கே. சாண்டே என்ற தீவுக்கு.

சாண்டே ஹோயைப் போல இல்லை. ஹோயில் மலையும் செங்குத்துப் பாறையும். கடலில் தனியாக நிற்கும் சுமார் 450 அடி உயரக் கல்தூணும் உண்டு. சாண்டே தட்டையானது. பேருக்கே மணல் தீவு என்று பொருள். சுமார் 500 பேர். தாழ்ந்து கிடப்பதால் இருட்டில் கப்பல்களுக்குத் தெரியாது. எத்தனையோ கப்பல்கள் மோதி உடைந்த கரை. 1806-இலேயே அங்கே சுழலும் விளக்கு வைத்தார்கள். இன்று நிற்கும் கலங்கரை விளக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் செங்குத்துப் பட்டைகள்.

கலங்கரை விளக்கங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கில் மின்னும். இத்தனை நொடிக்கு ஒரு முறை, இத்தனை மின்னல், பிறகு இருட்டு. மாலுமி அந்தக் கணக்கை எண்ணித்தான் எந்தக் கரை என்று அறிவான். அதாவது ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம். சாண்டேயில் குடியிருந்த காலத்தில், 2001 முதல் 2007 வரை, நாக்ஸோஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக, நான்கு பேர் தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் பத்து இசைகளை எழுதினார். ஐந்தாவதற்கு அவர் வைத்த துணைப்பெயர், ‘ஆர்க்னி, ஷெட்லாந்தின் கலங்கரை விளக்கங்கள்’. எழுபது வயதில், கடற்கரையில் நடந்து நடந்து, மனத்துக்குள்ளேயே இசையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எழுதுகிற மனிதருக்கு, இருட்டில் எண்ணிக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

2004-இல் அரச விழாக்களுக்கு இசையமைக்கும் பிரிட்டிஷ் அரசியின் இசைத்தலைவர் பதவி வந்தது. அதுவரை அது ஆயுள் பதவி. இவருக்குப் பத்து வருடம் என்று வைத்தார்கள். அந்தப் பத்து வருடமும் சாண்டேதான் வீடு.

இதே ஆர்க்னிக்கு, இவருக்கு இருபது வருடத்துக்கும் மேல் முன்பு, ஓவியர் ஸ்டான்லி கர்சிட்டர் வந்தார். அவர் கிர்க்வாலில் பிறந்தவர். ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடங்களின் இயக்குநராக இருந்து 1948-இல் ஓய்வுபெற்றுத் திரும்பியவர். அவரையும் ஊர் சும்மா விடவில்லை. கிர்க்வாலின் அந்தச் செந்நிறக் கல் தேவாலயத்தில் 1965-இல் அமைந்த சிற்றாலயத்தை வடிவமைத்தவர் அவர்தான். வயது எழுபத்தெட்டு. பிறந்த ஊருக்கு ஒருவர் செய்வதில் ஆச்சரியம் இல்லை என்பீர்கள். அதனால்தான் மேக்ஸ்வெல் டேவிஸ் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார். அவருக்கு அங்கே பாட்டன் நிலம் இல்லை, உறவு இல்லை. உரிமையை வேலை செய்தே சம்பாதித்தார்.

2013-இல் ரத்தப் புற்றுநோய். லண்டன் மருத்துவமனையில் சிகிச்சைக்கு நடுவே பத்தாவது சிம்ஃபனியை எழுதினார். மறு வருடம் அது அரங்கேறியது. பிறகு சாண்டேக்குத் திரும்பினார். 2016 மார்ச் 14 அன்று, எண்பத்தொரு வயதில், தீவு வீட்டிலேயே இறந்தார்.

கடைசி வருடங்களில் பிள்ளைகளுக்காக இன்னொரு ஓபெரா எழுதியிருந்தார். ‘தி ஹாக்பூன்’. ஆர்க்னி வயல்களில் பழங்கால மண்மேடுகள் உண்டு. அதற்குள் ஒரு ஆவி குடியிருக்கும், பாலும் பியரும் ஊற்றி மரியாதை செய்தால் பண்ணையைக் காக்கும், மறந்தால் தொல்லை கொடுக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. நம் எல்லைச்சாமி போலத்தான். அவர் இறந்த மூன்றாம் மாதம், ஜூனில், லண்டன் பார்பிக்கன் அரங்கில் அது முதன்முதலாக நிகழ்ந்தது. ஆர்க்னி மண்மேட்டின் சாமியைப் பற்றி லண்டன் பிள்ளைகள் மேடை நிறைய நின்று பாடினார்கள்.