15 பிள்ளைகள், 5 புத்தகங்கள், 50 நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறார் நூல்களுக்குச் சாகித்திய அகாதெமி தருகிற பால சாகித்திய புரஸ்கார் விருதின் அறிவிப்பு 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் ஜூன் மாதத்தில்தான் வந்தது. நம் கரையில் அது மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நேரம். பள்ளிக்கூடமும் அப்போதுதான் திறந்திருக்கும். செய்தியைக் கவனித்தவர்களிடமிருந்து வருவது இரண்டே பேச்சு. ஒன்று, "வாழ்த்துகள்." இன்னொன்று, "இதுக்கா குடுத்தாங்க?" புத்தகத்தைப் படித்தீர்களா என்று திருப்பிக் கேட்டால், பேச்சு நண்டு விலைக்குப் போய்விடும்.

குறை சொல்வது தப்பில்லை. ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். 2010-ல் தொடங்கிய இந்த விருது 24 மொழிகளுக்கு உண்டு. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் தருவார்கள். ஒவ்வொரு மொழிக்கும் மூன்று நடுவர்கள். 2025-ம் ஆண்டு விருது என்றால், 2019 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை முதல் பதிப்பாக வந்த நூல்கள்தான் கணக்கில் வரும். "அந்த நல்ல புத்தகத்தை விட்டுட்டாங்களே" என்று சொல்லும் முன், அதன் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று அங்கே அச்சிட்டிருப்பார்கள். பாதிச் சண்டை அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். விருது கிடைத்த நூல் கடையில் கிடைக்காமல் போவதற்கும் இதே ஐந்தாண்டுக் கணக்கு ஒரு காரணம்: அறிவிப்பு வரும்போது முதல் அச்சு விற்றுத் தீர்ந்திருக்கும், மறு அச்சு வரச் சில வாரம் பிடிக்கும்.

முதல் பத்து ஆண்டுகளில் ஒருவருடைய மொத்தப் பங்களிப்புக்கும் விருது தர விதி இடம் கொடுத்தது. அதனால் சில ஆண்டுகளில், விருது பெற்ற புத்தகம் எது என்று தேடினால் கிடைக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு. அதே நாளில் யுவ புரஸ்காரையும் அறிவிக்கிறார்கள். பேரைப் பார்த்து, இளம் வாசகருக்கான நூல் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கான விருது. பெரியவர்கள் படிக்கிற நாவலாகவோ கவிதையாகவோ இருக்கும். அமெரிக்காவில் 12 முதல் 18 வயது வாசகருக்கென்றே 2000 முதல் பிரின்ட்ஸ் விருது இருக்கிறது. அதைப் போல ஒன்று அகாதெமி வரிசையில் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை கையில் எதைக் கொடுப்பது என்ற திண்டாட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவிலும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. குழந்தை நூல்களுக்கான நியூபெரி பதக்கம் 1922 முதல் தரப்படுகிறது. 1953-ல், பலரும் கொண்டாடுகிற 'ஷார்லட்ஸ் வெப்' இரண்டாம் வரிசை மரியாதையோடு நின்றது. பதக்கம் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டிஸ்' என்ற நூலுக்குப் போனது. இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள். ஆனால் அவர்களுடைய விதியில் ஒரு வரி எனக்குப் பிடித்தது: நீதி புகட்டுவதற்காகவும் இந்த விருது இல்லை, பலருக்கும் பிடித்தது என்பதற்காகவும் இல்லை. நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வியே "இதுல என்ன நீதி?" என்பதுதானே.

நியூபெரியின் வாக்கெடுப்பு முறையும் கவனிக்கத்தக்கது. குழுவில் 15 பேர். ஒவ்வொருவரும் மூன்று நூல்களை வரிசைப்படுத்துவார்கள்: முதலாவதற்கு 4 புள்ளி, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 2. வெல்கிற நூலுக்குக் குறைந்தது 8 பேர் முதலிடம் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த நூலைவிட 8 புள்ளியாவது கூடுதலாக இருக்க வேண்டும். அமையாவிட்டால் மறுபடி பேசி, மறுபடி வாக்கு.

இதை அப்படியே நம் ராமநாதபுரக் கரை ஊர்களான மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ பிள்ளைகளை வைத்துச் செய்யலாம். நடுவர்கள் தேர்ந்ததைப் பற்றிப் பெரியவர்கள் அடித்துக்கொள்வதைவிட, இது உருப்படியான எதிர்வினை.

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 15 பிள்ளைகள். ஐந்து புத்தகம், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. ஒன்று 100 ரூபாய் என்றால் 1,500 ரூபாய் ஆகும். ஐந்தில் இரண்டு ஏற்கெனவே விருது பெற்றவையாக இருக்கட்டும். எது என்று சொல்லாதீர்கள். அட்டையில் விருது முத்திரை ஒட்டியிருந்தால் பழுப்புத்தாள் அட்டை போட்டு மறைத்துவிடுங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் மூவருக்கு ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் அவர்களே கூடிப் பேசிக்கொள்வார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றினால் ஐந்தும் முடிய 50 நாள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஏப்ரல் 25-ல் தொடங்கினால் ஜூன் 13-ல் முடிந்துவிடும். தேர்வு முடியாத பள்ளி என்றால் முதல் சுற்றுக்கு மட்டும் சிறிய புத்தகமாகக் கொடுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் வாக்கெடுப்பில்தான். கையைத் தூக்கச் சொன்னால் சத்தமாகப் பேசுகிற பிள்ளை தூக்குவதைப் பார்த்துதான் மற்றக் கைகள் எழும். சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஆசிரியர் தனக்குப் பிடித்ததை முன்னால் சொல்லிவிட்டால் வாக்கே வேண்டியதில்லை. படிக்கப் பிடிக்காவிட்டால் நிறுத்தலாம் என்று அனுமதியுங்கள். ஆனால் நிறுத்திய பக்கத்தில் ஒரு நூலிழையைப் போட்டு வைக்க வேண்டும். மூன்று பிரதியிலும் இழை ஒரே இடத்தில் கிடந்தால், அந்த அத்தியாயத்தில் ஏதோ கோளாறு. கூட்டத்தில் "என்ன புரிந்தது?" என்று கேட்காதீர்கள், அது பரீட்சையாகிவிடும். "எங்கே நிறுத்தினாய்?", "எதை மறுபடி படித்தாய்?" இந்த இரண்டு கேள்வி போதும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையை நடுவராக்கலாமா என்றால், தாராளமாக ஆக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறது. நுழை, நட படியில் நிற்கிற பிள்ளைக்கு விருதுப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். 8,000 சொல் இருக்கிற கதை, நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் 100 நிமிடம் ஆகும்; நாளுக்கு 25 நிமிடம் வீதம் நான்கு நாள்.

ஒரு புத்தகத்தை மட்டும் சுற்றில் விடும்முன் யோசிக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்காரரான யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் இந்த விருதைப் பெற்றது. தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளையிடமே பேசுகிற கதை. "இதெல்லாம் பிள்ளைக்கா?" என்று கேட்டு ஒதுக்குவது சரியல்ல, தனியாகக் கையில் திணித்துவிட்டுப் போவதும் சரியல்ல. பிள்ளைகள் நம்புகிற ஓர் ஆசிரியை முதலில் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்க வேண்டும். படித்த பிறகு ஏதாவது ஒரு பிள்ளை வாய்திறந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் கரையில் புத்தகத்துக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. மெல்லிய குழந்தை நூல்கள் பெரும்பாலும் நடுவில் பின் அடித்தவை. பின் துருப்பிடித்து, தாளில் பழுப்பு இறங்கி, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். வாங்கிய அன்றே பின்னைக் கழற்றித் தைத்துவிடுங்கள். மடிப்பில் மூன்று துளை. ஊசியை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, கீழ்த்துளையில் வெளியே எடுத்து, நடுத்துளை வழியாக மீண்டும் உள்ளே கொண்டுவந்து முடிச்சிடுங்கள். வலை முடைகிற கைகளுக்கு இது இரண்டு நிமிட வேலை. ஆனால் வலைக்குப் போடுகிற நைலான் நூல் வேண்டாம், தாளை அறுத்துவிடும். மெழுகு தடவிய பருத்தி நூல் போதும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். அலமாரியைக் கடல் பக்கச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

பிள்ளைகள் சொல்கிற குறைகளைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். கடலைப் பற்றிய கதை என்றால் நம் பிள்ளைகள் விடமாட்டார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பேர் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு, கதையில் எப்போதும் "குளிர்ந்த காற்று" வீசினால் சலிக்கும். வத்தை என்கிற சிறு படகை வரைய வேண்டிய இடத்தில் பாய்மரக் கப்பலை வரைந்திருந்தால் சிரிப்பார்கள். ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் செதில் போட்டிருந்தால், அது மூச்சுவிட மேலே வருகிற பிராணி, மீன் இல்லை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே திருத்தும். இந்தக் குறைக்காக ஒரு நல்ல கதைக்கு முதலிடத்தை மறுக்க வேண்டுமா என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால், படத்தின் பிழைக்குக் கதாசிரியரைத் தண்டிக்க மாட்டேன். பதிப்பாளரை விடவும் மாட்டேன்.

ஜூன் 13-ல் சீட்டுகளை எண்ணிவிட்டு, குறைகளை ஓர் அஞ்சலட்டையில் பக்க எண்ணோடு எழுதுங்கள். முகவரி அந்த முதல் பதிப்பு ஆண்டு அச்சிட்ட பக்கத்திலேயே இருக்கும். மறு அச்சு போகும்முன் அட்டை போய்ச் சேர வேண்டும். அதனால் அதே வாரத்தில் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.