கணபதியைத் தூக்கிலிட்ட சட்டம், சாம்பசிவத்தை விடுவித்த சட்டம்
(பினாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். இந்த மழையிலும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி.

நான் வழக்கறிஞர் இல்லை. 31 வருஷம் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். நீதிபதி சொல்வதைக் கூண்டில் நிற்பவருக்கும், அவர் சொல்வதை நீதிபதிக்கும் எடுத்துச் சொல்வது என் வேலை. குற்றச்சாட்டைத் தமிழில் படித்துக் காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி உள்ளே உறுத்தும். இந்தச் சட்டம் யாருடையது? வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போனதா, நம்முடையதா? இன்றைக்கு அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றினார். கொடி வந்தது, சட்டம் வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பலும் வியாபாரமும்தான் கணக்கு. சண்டை சச்சரவுகளை அந்தந்தச் சமூகத்துத் தலைவரான கப்பித்தான் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் பக்கத்துக்குக் காதர் முகைதீன் கப்பித்தான். அவர் பதவியின் பெயரில்தான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1807 மார்ச் 25ஆம் தேதி அரச சாசனம் கிடைத்த பிறகுதான் இங்கே முறையான நீதிமன்றம் அமைந்தது. இங்கிலாந்துச் சட்டம் நடக்கும், ஆனால் குடிமக்களின் சமயத்துக்கும் வழக்கத்துக்கும் இடம் கொடுத்து நடக்கும் என்றது அந்தச் சாசனம். இன்று மலேசியா முழுக்க இருக்கிற நீதிமன்ற முறைக்கு விதை இந்த ஜார்ஜ்டவுனில் விழுந்தது. பினாங்குக்காரன் என்ற முறையில் இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த விதையில் நெல்லும் இருந்தது, பதரும் இருந்தது.

அப்புறம் இந்தியாவிலிருந்து புத்தகங்கள் வந்தன. 'அவன் ஒரு 420' என்று ஏமாற்றுக்காரனைச் சொல்கிறோமே, அந்த எண் மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு. அது 1860இல் சட்டமானது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்கள், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், அதையே எடுத்துக்கொண்டன. கொலைக்கு 302, மோசடிக்கு 420 என எண்கள்கூட மாறவில்லை. நம் ஒப்பந்தச் சட்டமும் சாட்சியச் சட்டமும் 1872இல் இந்தியாவுக்கு எழுதியவற்றின் வழியில் வந்தவை. 2024 ஜூலை 1ஆம் தேதி இந்தியா அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தை விட்டுவிட்டது. அங்கே மோசடி இப்போது 318. நம்மிடம் இன்னும் 420தான். மெக்காலே எழுதிய வீட்டில் அவர் இல்லை, நம் வீட்டில் இருக்கிறார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை. என் தாத்தாவுக்குச் சட்டம் என்றால் கணக்கு எழுதும் கிராணியும் ஆள் மேய்க்கும் கங்காணியும்தான். ஒப்பந்தக் கூலியாக வந்தவர் வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறை. முதலாளி கூலியைப் பிடித்தால் அது கணக்கு விவகாரம். இந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. அதே ஆட்சிதான் 1923இல் தொழிலாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது அது. தோட்டத்துக்கு ஆள் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கலாம். ஆனால் நம் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த விதியைப் பிடித்து எழுந்தவை. அந்தப் பலகைக் கொட்டகைகளில் ஒன்றில்தான் நான் 'அ' எழுதினேன்.

சரி, நான் சொல்ல வந்த இரண்டு பெயர்களுக்கு வருகிறேன். கணபதி, சாம்பசிவம்.

எஸ்.ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில், கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை அடக்க என்று அவசரநிலை வந்தது. சம்மேளனம் சட்டவிரோதமானது. அவசரகால விதிகளின்படி துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. யாரையும் சுட்டதாகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அந்த விதியின் கீழ்தான் கணபதிக்குத் தண்டனை கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் அரசாங்கமே அவருக்காகக் கேட்டும் பலன் இல்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அதே அவசரகால விதிகளின் கீழ் மாட்டிக்கொண்ட இன்னொரு தமிழர் சாம்பசிவம். அவர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது ஒன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை. அந்த மறுவிசாரணையில் அவர் கொடுத்ததாக ஒரு வாக்குமூலத்தை அரசுத் தரப்பு நீட்டியது. துப்பாக்கியும் தோட்டாவும் இரண்டுமே என்னிடம் இருந்தன என்று அதில் இருக்கிறது. அதை வைத்து மரண தண்டனை. மேல்முறையீட்டிலும் தோல்வி. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அன்றைக்கு நம் கடைசி மேல்முறையீட்டு மன்றம் அதுதான்.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தோட்டா வைத்திருக்கவில்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் தோட்டா இருந்தது என்று சொல்லும் வாக்குமூலத்தில் ஒரு பாதி, சட்டத்தின் கண்ணில் பொய். பாதி பொய்யான காகிதத்தை முழு உண்மை போல் காட்டி ஒரு மனிதனைத் தூக்கில் போடலாமா? முடியாது என்றது பிரிவி கவுன்சில். ஒருமுறை விடுதலை என்றால் அந்தத் தீர்ப்பு அதே ஆளைப் பற்றிய அடுத்த விசாரணைகளையும் கட்டும் என்றது. 1950இல் சாம்பசிவம் விடுதலையானார். அந்தத் தீர்ப்பை இன்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துப் பேசுகின்றன. ஒரு தமிழனின் உயிருக்காக நடந்த வாதம் உலகச் சட்டத்தில் ஒரு விதியாக நிற்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இருவரையும் பிடித்தது அவசரகாலச் சட்டம். ஒருவரைக் காப்பாற்றியது, நீதிபதிகளின் தீர்ப்புகளால் வளர்ந்த இங்கிலாந்துப் பொதுச் சட்டம். இரண்டுமே வெள்ளைக்காரன் கொண்டு வந்தவை. அதனால்தான், எல்லாம் காலனிய மிச்சம், தூக்கி எறி என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. அவர்கள் நமக்கு நல்லது செய்தார்கள் என்று யாராவது சொன்னாலும் அதே அளவுக்குப் பதறுகிறது.

நாட்டின் அரசமைப்புச் சட்டத்திலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர். ரீட் பிரபுவும் ஐவர் ஜென்னிங்ஸும் பிரிட்டனிலிருந்து, வில்லியம் மெக்கெல் ஆஸ்திரேலியாவிலிருந்து, மாலிக் இந்தியாவிலிருந்து, அப்துல் ஹமீத் பாகிஸ்தானிலிருந்து. மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. 131 மனுக்களை வாங்கினார்கள், 118 முறை கூடினார்கள். 1957 பிப்ரவரியில் அறிக்கை வந்தது.

அவர்கள் எழுதியபோது காட்டில் சண்டை முடியவில்லை. அவசரநிலை 1960இல்தான் முடிந்தது. ஆகவே உரிமைகளை ஒரு பக்கம் எழுதிவிட்டு, அவற்றை மூடிவைக்கும் 149, 150ஆம் பிரிவுகளையும் அதே புத்தகத்தில் எழுதினார்கள். 1969இல் அறிவித்த அவசரநிலையை 2011இல்தான் நீக்கினோம். 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 வரை இருந்தது. 2007இல் இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவரை விசாரணை இல்லாமல் அடைத்தது அந்தச் சட்டம்தான்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சுரிமைக்குப் போடும் கட்டுப்பாடுகள் 'நியாயமானவை'யாக இருக்க வேண்டும் என்று ரீட் வரைவு சொன்னது. நீதிபதி அப்துல் ஹமீத் அந்தச் சொல் வேண்டாம் என்று தனியாக எழுதினார். கடைசியில் சொல் போனது. நாடாளுமன்றம் தேவை என்று கருதினால் போதும் என்றாகிவிட்டது. 2009இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பில், 'நியாயமான' என்ற பொருளை அந்தப் பிரிவுக்குள் மறுபடி வைத்தே படிக்க வேண்டும் என்றது. 52 வருஷம் கழித்து! அதைச் செய்தது லண்டன் இல்லை. பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியை 1985இல் முழுசாக மூடிவிட்டோம். இது நம் நாட்டு நீதிபதிகள் செய்தது. என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டத்தை எடுத்து வாசித்து, வாதாடி, அதன் அர்த்தத்தைப் பிடித்து இழுக்கிறவர்களுடையது சட்டம்.

அதே மாதிரி இழுக்க வேண்டிய இன்னொரு இடம் குடியுரிமை. மெர்டேகா என்ற சுதந்திர நாளிலிருந்து இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்று 1957 சட்டம் சொன்னது. 1962இல் அதைச் சுருக்கினார்கள். பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அந்த 'நிரந்தரவாசி'யையும் எடுத்துவிட்டது. நிரந்தரவாசி என்றால் யார்? சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர். நம் தோட்டத்துப் பாட்டிகள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு அம்மா சாட்சி சொல்ல வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் சிவப்பு ஐசி, பிளாஸ்டிக் உறையில், ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார். எங்கே பிறந்தீர்கள் என்று வழக்கறிஞர் கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அப்படியானால் ஏன் சிவப்பு என்று கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார், வழக்கறிஞரைப் பார்க்கவில்லை. "ஐயா, நான் பொறந்த லயம் இன்னும் அங்கதான் நிக்குது. அத கூப்ட்டுக் கேக்கச் சொல்லுங்க" என்றார். பிறப்புப் பத்திரம் இல்லை என்று ஒரு அலுவலகத்தில் நான்கு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வழக்கு வேறு விஷயத்தைப் பற்றியது, அதனால் அது அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு நிற்கவில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் சிவப்பு ஐசி இருந்தால், பழைய காகிதம் எதையும் வீசாதீர்கள். பள்ளிச் சான்றிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, அம்மை குத்திய அட்டை, எதுவானாலும் சரி. அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் இருப்பேன். கூடவே இரண்டு வழக்கறிஞர்கள் வருகிறார்கள். எடுத்து வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.